முதுகலை ஆய்வேடு – இலக்கணமும் மதிப்பீடும்

முன்னுரை

முதுகலை இறுதிப் பருவத்தில் நம்முள் பலரையும் அஞ்ச வைக்கும் தாள் ஒன்று உண்டு. ‘புராஜெக்ட்’ என்று பேச்சுவழக்கில் நாம் சொல்லும் ஆய்வேடுதான் அது. ஏனைய தாள்களுக்குப் பாடத்திட்டம் உண்டு, பாடநூல் உண்டு, பழைய வினாத்தாள்களும் உண்டு. ஆய்வேட்டிற்கோ வினாவை எழுப்புவதும் நம் பொறுப்பு. விடையைத் தேடுவதும் நம் பொறுப்பு. அதனால்தான் ஆண்டு முழுவதும் நன்கு படித்துவரும் மாணவரும் இத்தாளின்முன் தயங்கி நிற்கக் காண்கிறோம்.

முன்பெல்லாம் முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் இடையே எம்.ஃபில். என்னும் படி ஒன்று இருந்தது. ஆய்வுக் கட்டுரை எழுதிப் பழகும் களமாக அது பலருக்கும் பயன்பட்டது. உயர்கல்வி நிறுவனங்கள் இனி அப்படிப்பை நடத்தலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகள் கூறிவிட்டன. ஆகவே, மேலே ஆராயச் செல்ல விரும்பும் மாணவருக்கு முதுகலை ஆய்வேடே முதன்மையான பயிற்சிக் களமாகிறது.

மற்றொரு காரணமும் உண்டு. அரசு கலைக் கல்லூரியில் பயிலும் நம்முள் பலர், தத்தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதன்முதலில் மிதித்தவர்கள். நானும் அவர்களுள் ஒருவன். அடிக்குறிப்பு என்றால் என்ன, கருதுகோள் என்றால் என்ன என்று வீட்டில் கேட்டறிய நமக்கு வழியில்லை. வகுப்பில் கேட்கவோ நாணம். படித்த குடும்பத்துப் பிள்ளைகள் உணவு மேசையிலேயே அறிந்துகொள்ளும் செய்திகளை நாம் மறைபொருள் என எண்ணி மயங்குகிறோம். உண்மையில் இதில் மறைபொருள் ஏதும் இல்லை. எளிதில் நம்பாத வாசகர் ஒருவர் நம் எதிரே அமர்ந்து நான்கு கேள்விகள் கேட்பதாக வைத்துக்கொள்வோம். “நீ கேட்ட வினா யாது? எங்கே பார்த்தாய்? எப்படி இம்முடிவுக்கு வந்தாய்? இதில் உன்னுடையது எது?” ஆய்வேட்டின் உறுப்புகள் யாவும் இந்நான்குக்கும் உரிய விடைகளே. மதிப்பெண்ணும் அவ்விடைகளுக்கே கிடைக்கிறது. இதனை இவ்வாண்டு ஆய்வேடு எழுதி முடித்தவன் என்ற முறையில் இளையோர்க்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாயிரமும் ஆய்வு முன்னுரையும்

ஆய்வேட்டின் அமைப்பு மேனாட்டிலிருந்து வந்தது, நமக்குப் புதியது என்று சிலர் கருதுவர். வடிவம் புதிதாயினும் அதன் உட்பொருள் நமக்குப் புதிதன்று. நன்னூலில் பவணந்தியார் சிறப்புப் பாயிரத்திற்கு உரியனவாக எட்டுச் செய்திகளைக் குறிப்பிடுகிறார். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை.

இன்று ஆய்வேட்டின் முதல் இயலில் நாம் எழுத வேண்டியவற்றை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நூற்பெயர் என்பது ஆய்வுத் தலைப்பு. நுதலிய பொருள் என்பது ஆய்வுப் பொருள். வழி என்பது நமக்கு முன் இதே பொருளை ஆராய்ந்தவர்கள் யார், அவர்களிடமிருந்து நாம் எங்கே தொடங்குகிறோம் என்பது. ‘முன்னாய்வுகள்’ என்று இன்று தலைப்பிடுகிறோம். யாப்பு என்பது நூலைத் தொகுத்து யாக்கும் முறை. இன்று அது ஆய்வு நெறியும் இயல் பகுப்பும் ஆகிறது. எல்லை என்பது மட்டும் சற்றே பொருள் மாறியிருக்கிறது. நன்னூலில் அது நூல் வழங்கும் நிலப்பரப்பைக் குறிக்கும். நமக்கு அது ஆய்வுப் பரப்பைக் குறிக்கும். பயன் அன்றும் பயன்தான், இன்றும் பயன்தான்.

ஆகவே, ஆய்வேட்டின் முன்னுரையை எப்படித் தொடங்குவது என்று திகைப்பவர்கள் நன்னூற் பாயிரத்தை ஒருமுறை படித்தால் போதும். தமிழின் தொன்மையையும் இனிமையையும் பத்துப் பக்கம் புகழ்ந்துவிட்டுப் பதினோராம் பக்கத்தில் தலைப்பைத் தொடுவது இவ்வெட்டனுள் எதிலும் அடங்காது. அதற்குரிய இடம் பொதுப்பாயிரத்தில் வரும் பத்துக் குற்றங்களுள் இருக்கிறது: மற்றொன்று விரித்தல்.

முதற்கேள்வி: வினா யாது?

‘சங்க இலக்கியத்தில் பெண்கள்’, ‘சங்க இலக்கியத்தில் இயற்கை’ என்னும் தலைப்புகள் ஆண்டுதோறும் நம் துறைகளில் உலவுகின்றன. இவை தலைப்புகள்தாம்; ஆனால் இவற்றுள் வினா இல்லை. வினா இல்லாத இடத்தில் விடை பிறப்பதற்கில்லை. தொகுப்பு மட்டுமே பிறக்கும்.

என் தலைப்பையே சான்றாகக் கூறுகிறேன். குறுந்தொகையின் நெய்தற் பாடல்களில் சிறுபொழுது என்பதை நான் எடுத்துக்கொண்டேன். தலைப்பைக் கேட்டதும் என் நெறியாளர் கேட்டது இது: “சிறுபொழுதைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?” அக்கேள்வியிலிருந்தே வினா உருவாயிற்று. நெய்தலுக்கு உரிய சிறுபொழுது எற்பாடு என்கிறது தொல்காப்பியம். குறுந்தொகைப் புலவர்கள் அவ்வரையறையைப் பின்பற்றினார்களா? பின்பற்றாத இடங்களில் என்ன செய்தார்கள்?

இப்போது எல்லை தானே அமைந்துவிடுகிறது. குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள் உள்ளன. அவற்றுள் நெய்தற் பாடல்களை மட்டும் பிரித்தெடுத்தால், ஒரு பருவத்திற்குள் ஒரு மாணவர் சொல்சொல்லாகப் படித்து முடிக்கக்கூடிய அளவு கிடைக்கும். தலைப்பு சிறிதானால் ஆய்வு சிறுமையுறும் என்று அஞ்ச வேண்டா. ஆழக் கிணறு வெட்டுவோர் ஊர் முழுவதையும் தோண்டுவதில்லை.

வினா அமைந்தபின் அதிலுள்ள சொற்களுக்குப் பொருள் வரையறுக்க வேண்டும். எற்பாடு என்பது எப்பொழுது? பிற்பகல் என்று கொள்வோர் உண்டு. காலை என்று கொள்வோரும் உண்டு. இவ்விரண்டனுள் எதனைக் கொண்டு ஆராய்கிறோம், ஏன் என்பதை முதலிலேயே கூறாவிட்டால், நாம் தரும் பட்டியல் முழுவதும் பயனற்றுப் போகும். வரையறை என்பது அழகுக்காகச் சேர்க்கும் பகுதியன்று. அளப்பதற்கு முன் அளவுகோலைக் காட்டுவது போன்றது அது.

இரண்டாம் கேள்வி: எங்கே பார்த்தாய்?

ஆய்வில் சான்றுகள் இருவகைப்படும். ஆராயும் பொருளே முதன்மைச் சான்று. அதைப் பற்றிப் பிறர் எழுதியவை துணைமைச் சான்றுகள். குறுந்தொகையை ஆராயும் மாணவருக்குக் குறுந்தொகையே முதன்மை. குறுந்தொகையைப் பற்றிய பத்து நூல்களைப் படித்துவிட்டுக் குறுந்தொகையைப் படிக்காமல் எழுதப்பெறும் ஏடு, மாப்பிள்ளை இல்லாத திருமணம்.

முதன்மைச் சான்றிலும் எந்தப் பதிப்பு என்று கூறியாக வேண்டும். குறுந்தொகை முதன்முதலில் 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனாரின் பதிப்பாக வெளிவந்தது, உ. வே. சாமிநாதையரின் பதிப்பு 1937இல் வந்தது. பதிப்புக்குப் பதிப்பு பாடவேறுபாடுகள் உண்டு. ஒரு சொல்லின் மீது ஒரு முடிவையே கட்டுகிற நாம், அச்சொல் எந்தப் பதிப்பில் அவ்வாறு இருக்கிறது என்று கூறாவிட்டால், படிப்பவர் அதைச் சரிபார்ப்பது எங்ஙனம்?

இவ்வகையில் நமக்கு வழிகாட்டி உ. வே. சாமிநாதையரே. தம் பதிப்புகளின் முகவுரைகளில், தமக்குக் கிடைத்த ஏட்டுச் சுவடிகள் எவை, அவற்றை உதவியவர்கள் யார் என்று அவர் வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார். நன்றி கூறும் பண்பு அதில் இருக்கிறது. அதற்கும் மேலாக, பின்வருவோர் அதே சுவடியைத் தேடிச் சென்று பார்க்கலாம் என்னும் நேர்மை இருக்கிறது. நாம் இடும் அடிக்குறிப்பு அப்பணியையே சிறிய அளவில் செய்கிறது. ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பகம், ஊர், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றை மனப்பாட விதியாகக் கருதாமல், நாம் போன வழியில் இன்னொருவர் வருவதற்கு நட்டுவைக்கும் கைகாட்டி மரங்களாகக் கருதினால் அவற்றை எழுதும் சலிப்பு நீங்கிவிடும்.

மூன்றாம் கேள்வி: எப்படி இம்முடிவுக்கு வந்தாய்?

ஆய்வேட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பாடல்களை எடுத்து வரிசையாக வைத்துப் பொருள் எழுதிக்கொண்டே போவது உரை, அது ஆய்வாகாது. சான்றுகளுக்கு இடையேயுள்ள உறவைக் காட்டி, அதிலிருந்து ஒரு முடிவைப் பெறும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது.

சிறப்பாக, நம் கருத்துக்கு மாறான சான்றை நாம் என்ன செய்கிறோம் என்பதைத் தேர்வாளர் கூர்ந்து பார்ப்பார். குறுந்தொகையின் 6ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். பதுமனார் பாடிய அப்பாடல் நெய்தல் திணையைச் சார்ந்தது. ஆனால் அதில் வரும் பொழுது நள்ளிரவு. ஊரெல்லாம் உறங்க, தலைவி ஒருத்தி மட்டும் உறங்காது தவிக்கிறாள். யாமம் குறிஞ்சிக்கு உரிய பொழுதாயிற்றே! நெய்தற் பாடல்கள் எற்பாட்டில் அமைந்தவை என்று எழுதிக்கொண்டு வருகிற மாணவர் இப்பாடலை என்ன செய்வார்?

மூன்று வழிகள் உள்ளன. பாடலைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடலாம், அது நேர்மையாகாது. விதிவிலக்கு என்று ஒரு சொல்லில் ஒதுக்கலாம், அது சோம்பல். இப்பாடலிலிருந்தே வினாவைக் கூர்மைப்படுத்தலாம்; அதுவே ஆய்வு. உரிப்பொருள் ஒழிந்த ஏனையவை மயங்கி வருதல் உண்டு என்று தொல்காப்பியம் இடந்தருகிறது. அவ்வாறானால் பொழுது மயங்குவது குற்றமாகாது. இரங்கலைப் பாட வந்த புலவர், உலகம் உறங்கும் நேரத்தை ஏன் தேர்ந்தார்? தனிமையின் துயரத்தைக் காட்ட அவருக்கு நள்ளிரவு எவ்வாறு உதவிற்று? மாறான ஒரு பாடல், பொருந்தி வரும் பல பாடல்களைவிட மிகுதியாகக் கற்பிப்பதை இங்கே காண்கிறோம்.

முடிவு கூறுவதிலும் அளவு வேண்டும். அகப்பாடல்களில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படுவதில்லை. அவை புலனெறி வழக்கிற்கு உட்பட்டவை. அத்தகைய பாடல்கள் சிலவற்றைக் காட்டிச் ‘சங்ககால மகளிர் அனைவரும் இவ்வாறே வாழ்ந்தனர்’ என்று முடிப்பது சான்று தாங்காத சுமை. நன்னூல் கூறும் குற்றங்களுள் இதனை மிகைபடக் கூறல் எனலாம். இரண்டாம் இயலில் ஒன்றையும் நான்காம் இயலில் அதற்கு மாறானதையும் சொல்வது மாறுகொளக் கூறல். பக்கத்தை நிரப்ப ஒரே கருத்தைச் சொல் மாற்றி எழுதுவது கூறியது கூறல். தொடக்கத்தில் வீறுடன் எழுந்து முடிவுரையில் ஒரே பக்கமாகத் தேய்ந்து நிற்பது சென்று தேய்ந்திறுதல். ஏட்டை ஒப்படைக்குமுன் இக்குற்றங்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இயல் இயலாகச் சரிபார்த்தால் நெறியாளரின் சுமை பாதி குறையும்.

நான்காம் கேள்வி: உன்னுடையது எது?

முன்னோர் நூற்பாவை அப்படியே எடுத்தாள்வதை நன்னூலே ஏற்கிறதே, இன்று மட்டும் அது ஏன் குற்றமாகிறது என்று வகுப்பில் நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். பழைய நூற்பாவை எடுத்தாண்டவர் முன்னோர் மொழியைப் போற்றியே எடுத்தாண்டார்; தம் நூல் வழிநூல் என்பதை மறைக்கவில்லை. அதைக் கேட்டிருந்த அவையும் அந்நூற்பா யாருடையது என்று அறிந்திருந்தது. இன்று நாம் எடுக்கும் பத்தி யாருடையது என்று படிப்பவருக்குத் தெரியாது. நாம் சொன்னால்தான் தெரியும். சொல்லாமல் விட்டால் அது நம்முடையது என்று அவர் நம்புவார். அந்த நம்பிக்கையைக் கெடுப்பதே களவு.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் இதற்கென விதிமுறைகள் வகுத்தது. முதுகலை, ஆய்வுப் பட்டங்களுக்கு அளிக்கப்படும் ஆய்வேடுகள் அவற்றுக்கு உட்பட்டவை. பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் பகுதி 10 விழுக்காடு வரையெனில் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரையெனில், ஆறு திங்களுக்கு மேற்படாத காலத்திற்குள் திருத்தி அளிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரையெனில், திருத்திய ஏட்டையும் ஓராண்டுக் காலம் அளிக்க இயலாது. 60க்கு மேற்பட்டால் அப்படிப்பிற்கான பதிவே நீக்கப்படும். உரிய குறிப்புடன் காட்டிய மேற்கோள்கள், நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை முதலியன இக்கணக்கில் சேரா. வகுப்பு ஒப்படைப்புகள், திட்ட அறிக்கைகள், விடைத்தாள்கள் ஆகியவற்றுக்கு இவ்விதிமுறைகள் பொருந்தா. ஆயினும் பெயர் எதுவானாலும் நேர்மை ஒன்றுதானே? பத்து விழுக்காடு என்பதை, அவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்னும் அனுமதிச் சீட்டாக எவரும் கருதலாகாது.

ஆய்வேட்டை விலைக்கு எழுதித் தருவோரும் நாட்டில் இருக்கிறார்கள் என்பது எல்லோரும் அறிந்ததே. இப்போது கணினியில் கேட்டால் செயற்கை நுண்ணறிவு நொடியில் எழுதித் தருகிறது. இல்லாத நூலுக்கும் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் அது கூசாமல் தருவதுண்டு. இவ்விரு வழிகளிலும் நமக்குக் கட்டடம் செய்த ஓர் ஏடு கிடைக்கும். ஆராயும் பயிற்சி கிடைக்காது. பணமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு அப்பயிற்சி இல்லாமற்போனாலும் வேறு வழி இருக்கலாம். நமக்கு இருப்பது கற்ற கல்வி ஒன்றே. அதையும் நாமே விலைக்கு விட்டுவிட்டால் எஞ்சுவது என்ன?

மதிப்பெண்ணின் கணக்கு

ஆய்வேட்டிற்கும் வாய்மொழித் தேர்வுக்கும் மதிப்பெண்ணைப் பிரித்தளிக்கும் முறை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். எழுத்தளவு, பக்க ஓரம், கட்டடம் முதலியவற்றையும் துறையின் சுற்றறிக்கையில் கண்டுகொள்ளலாம். ஆனால் மாணவர் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: “எத்தனை பக்கம் எழுத வேண்டும்?”

இக்கேள்விக்கு ஓர் ஒப்புமை காட்ட விரும்புகிறேன். இன்டர்நேஷனல் பாக்கலாரியட் என்னும் பன்னாட்டுப் பாடத்திட்டத்தில், நம் மேல்நிலைப் பள்ளி மாணவர் வயதுடையோர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள். 4,000 சொற்களே அதன் மேல்வரம்பு. அதற்கு மேல் எழுதினால் தேர்வாளர் அப்பகுதியைப் படிப்பதே இல்லை. 2018 முதல் 2026 வரையிலான தேர்வுகளுக்கு வகுத்த முறையில் மொத்த மதிப்பெண் 34. வினாவின் கூர்மைக்கும் ஆய்வு முறைக்கும் 6, பொருளறிவுக்கு 6, ஆராய்ந்து சிந்தித்தலுக்கு 12, கட்டுரையின் வடிவமைப்புக்கு 4, ஆய்வுக் காலத்தில் மாணவர் காட்டிய ஈடுபாட்டுக்கு 6. வடிவமைப்பைப்போல் மும்மடங்கு சிந்தனைக்குத் தந்திருக்கிறார்கள். தடித்த அட்டைக்கும் பொன்னெழுத்துக்கும் அங்கே தனி மதிப்பெண் இல்லை.

நம் தேர்வாளர்களும் மதிப்பெண்ணை இவ்வாறு பிரித்து எழுதாவிடினும், அவர்கள் மனத்திலுள்ள தராசு பெரும்பாலும் இதுவே. வடிவம் பிழையற்று இருக்க வேண்டும், அது வாயிற்படி. அதைக் கடந்தபின் உயர்ந்த மதிப்பெண்ணுக்கும் வெறும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியை முடிவு செய்வது வாதமே. எண்பது பக்கத்தில் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டால் எண்பத்தொன்றாம் பக்கம் வேண்டியதில்லை.

வாய்மொழித் தேர்வு

‘வைவா’ என்றதும் நமக்கு வியர்க்கிறது. புறத்தேர்வாளர் அறிய விரும்புவது ஒன்றுதான்: இந்த ஏட்டுக்குள் நீங்கள் இருக்கிறீர்களா என்பது. புறநானூற்றின் நானூறு பாடல்களையும் ஆராய்ந்ததாக ஒருவர் எழுதியிருந்தால், “267ஆம் பாடலில் என்ன கண்டீர்கள்?” என்று கேட்பது போதும். 267, 268 ஆகிய பாடல்கள் நமக்குக் கிடைக்கவே இல்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் அவ்வாறே. நூலைத் திறந்து படித்தவருக்கு இது தானே தெரியும். பிறர் ஏட்டைப் பார்த்து எழுதியவருக்குத் தெரிய வழியில்லை.

விடை தெரியாத கேள்வி வந்தால் “அதை நான் பார்க்கவில்லை, ஐயா, என் எல்லை இதுவரைதான்” என்று சொல்வதில் இழிவு இல்லை. எல்லையை முன்னுரையில் தெளிவாக எழுதிவைத்த மாணவருக்கு அந்த விடை கைகொடுக்கும். முன்னுரையில் எழுதிய வரியே வாய்மொழித் தேர்வில் நமக்குக் கேடயமாகிறது.

முடிவுரை

வினாவைக் கூர்மையாக்குதல், சான்றைச் சரிபார்க்கத் தருதல், மாறான சான்றையும் எதிர்கொண்டு வாதிடுதல், பிறர் சொல்லையும் நம் சொல்லையும் பிரித்துக் காட்டுதல் ஆகிய நான்குமே ஆய்வேட்டின் இலக்கணம். இவற்றைக் கற்றவர் ஆய்வாளராகத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அலுவலகத்தில் ஒரு கோப்பைப் படிக்கும்போதும், தேர்தல் மேடையில் ஒரு புள்ளிவிவரத்தைக் கேட்கும்போதும், “இதற்குச் சான்று எங்கே?” என்று கேட்கும் பழக்கம் அவரிடம் நிலைத்திருக்கும்.

விரிவுரையாளப் பெருமக்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். ஆய்வேட்டை எவ்வாறு மதிப்பிடுவீர்கள் என்பதைப் பருவத்தின் தொடக்கத்திலேயே ஒரு பக்கத்தில் எழுதித் துறைப் பலகையில் ஒட்டிவையுங்கள். கேட்கத் துணிவுள்ளவர் மட்டும் அறியும் செய்தியாக அது இருத்தலாகாது. கேட்க நாணிப் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவரும் மாணவியும் அதைப் படித்துத் தம் வினாவைத் தேடத் தொடங்குவார்கள்.